காசு அரசின் காசு, பள்ளிக்கூடம் யாருடையது?

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து அல்லைப்பிட்டி, வேலணை, சரவணை, நாரந்தனை என்று மேற்கே போனால், ஊர்காவற்றுறைக்குச் சற்று முன்னால் வருகிற ஊர் கரம்பொன். தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் 1913 ஆகஸ்ட் 2ஆம் திகதி பிறந்த ஊர். இங்கே கரம்பொன் சண்முகநாத மகா வித்தியாலயமும் சிறிய புஷ்ப மகளிர் மகா வித்தியாலயமும் இருக்கின்றன. முதலாவதன் பெயர் சைவப் பெயர், மற்றது கத்தோலிக்கப் பெயர். இரண்டு பெயர்ப்பலகைகளிலும் முன்னால் நிற்பது ‘யா/’ என்ற அரசாங்கக் குறி. சம்பளம் மாகாணத்திலிருந்து வருகிறது. ஆசிரியரை அனுப்புவதும் எடுப்பதும் வலயக் கல்வி அலுவலகத்தின் வேலை. கூரை ஒழுகினால் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பழைய மாணவர்களுக்குத் தகவல் போகிறது.

இதற்குள் ஒரு பெரிய கேள்வி நூற்றைம்பது ஆண்டுகளாகத் தீராமல் இருக்கிறது. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடத்தை ஊரும் கோவிலும் தேவாலயமும் நடத்தலாமா? நடத்தினால் அரசு எவ்வளவு தூரம் உள்ளே வரலாம்? அமெரிக்காவில் ‘சார்ட்டர் பாடசாலை’ என்ற பெயரில் இதே கேள்வி இன்று நீதிமன்றப் படியேறிக்கொண்டிருக்கிறது. அங்கே புதுமையாகப் பேசப்படுவதை யாழ்ப்பாணம் 1870களிலேயே தொடங்கி, தொண்ணூறு ஆண்டுகள் நடத்திப் பார்த்து, 1960இல் சட்டத்தால் இழந்தது. அந்த அனுபவத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்டது மிகக் குறைவு என்பதே எனக்குள்ள கவலை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 ஜூலையில் கல்விச் சீர்திருத்தம் பற்றி நாடாளுமன்றத்தில் பேசிய பிரதமரும் கல்வி அமைச்சருமான ஹரினி அமரசூரிய, ஐம்பது மாணவருக்கும் குறைவான பாடசாலைகள் நாட்டில் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு என்றார். மொத்தப் பாடசாலைகளில் இது நூற்றுக்குப் பதினைந்து. சின்னப் பாடசாலைகளை என்ன செய்வது என்ற பேச்சு அதோடு மும்முரமானது. கரம்பொனும் அடங்கும் யாழ்ப்பாணத் தீவகத்தில் அந்த வகைப் பாடசாலைகள் பல. போர் பிள்ளைகளை வாரிக்கொண்டு போனபின் மிஞ்சியவை அவை. இணைப்பா, மூடலா என்ற முடிவு எடுக்கப்படும் மேசையில் ஊருக்கு ஒரு நாற்காலி கிடையாது. அது எப்படி இல்லாமல் போனது என்று தெரிந்தால்தான் திரும்பக் கேட்க முடியும்.

நன்கொடைக் காலம்

1867இல், இலங்கையின் கல்வியை ஆராய்ந்த மோர்கன் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. அடுத்து வந்ததுதான் உதவி நன்கொடை முறை. பள்ளிக்கூடத்தை யார் வேண்டுமானாலும் தொடங்கலாம், நடத்தலாம். அரசாங்கத்தின் பரிசோதகர் வருவார், பிள்ளைகளை வாசிக்கவும் எழுதவும் கணக்குச் செய்யவும் சொல்லிப் பார்ப்பார். எத்தனை பேர் தேறினார்களோ அதற்கேற்பப் பணம். சமய பாடத்தில் இருக்க விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மனச்சாட்சி விதி ஒன்றும் இருந்தது. தனியார் நிருவாகம், அரசுப் பணம், பெறுபேற்றுக்குப் பொறுப்பு. இன்றைய சார்ட்டர் பாடசாலையின் இலக்கணம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடுகிறது.

யாழ்ப்பாணத்தில் இதனால் முதலில் பலனடைந்தது மிசன்கள். அமெரிக்க மிசனரிமார் 1816இலேயே வந்து பள்ளிக்கூடங்களைப் பரப்பியிருந்தார்கள். கட்டடமும் ஆளும் தயாராக இருந்தவர்களுக்கு நன்கொடை சுலபமாகக் கிடைத்தது. ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது 1848இல். அரச உதவி சைவருக்குக் கிட்டுவதற்கு இரண்டு பதிற்றாண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் 1872இல் தொடங்கிய சைவ ஆங்கிலப் பாடசாலை பணமின்றிச் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. பின்னர் 1890களின் தொடக்கத்தில் கால் மைல் விதி வந்தது. ஏற்கெனவே உள்ள பாடசாலைக்குக் கால் மைலுக்குள் புதிய பாடசாலைக்கு நன்கொடை இல்லை. முந்தி வந்தவருக்கு அது மதில், பிந்தி வந்த சைவருக்கும் பௌத்தருக்கும் தடை. வரி கட்டுவது எல்லாரும், பலன் சிலருக்கு. நன்கொடை முறையின் முதற்குறை இதுதான். விதி எல்லாருக்கும் ஒன்றென்று எழுதியிருந்தாலும், மூலதனம் உள்ளவன் பக்கமே அது சாய்ந்தது.

சைவர் விடவில்லை. 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் எழுந்தது. ‘இந்து போட்’ இராசரத்தினம் என்று ஊர் அழைத்த சு. இராசரத்தினத்தின் உழைப்பில் அந்தச் சங்கம் வடக்கெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்துகிற நிலைக்கு வந்தது. தீவகத்து ஊர்களில் கத்தோலிக்கப் பாடசாலையும் சைவப் பாடசாலையும் கூப்பிடு தூரத்தில் நிற்பதற்குக் காரணம் இந்தப் போட்டி. அதில் வீணும் இருந்தது, விளைவும் இருந்தது. கரம்பொன் போன்ற ஒரு சின்ன ஊரிலிருந்து வழக்கறிஞர்களும் நாடாளுமன்ற உறுப்பினரும் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை 1964இல் புதுடில்லியில் கூட்டிவைத்த ஓர் அறிஞரும் வந்தது தற்செயல் இல்லை. தனிநாயகம் அடிகள் ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியிலும், பின் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தவர். பேராதனையில் அவர் கற்பித்ததும் கல்வியியல். நன்கொடை பெற்ற மிசன் பாடசாலையின் பிள்ளை அவர்.

பின் வாங்கில் இருந்தவர்கள்

இந்த இடத்தில் பழைய காலத்தைப் புகழ்ந்து நிறுத்திவிடலாம். பலர் நிறுத்துகிறார்கள். பழைய மாணவர் மலர்களைப் புரட்டினால் வெள்ளை அங்கிச் சுவாமிமாரும் தலைப்பாகை கட்டிய பாடசாலை மனேச்சர்மாரும் மட்டுமே தெரிவார்கள். படத்தில் இல்லாதவர்கள் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

நன்கொடை பெற்ற பாடசாலைகள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்க முடியாது. நிலத்தில் இருந்தார்கள், சில இடங்களில் வெளித் திண்ணையில் இருந்தார்கள். பல ஊர்களில் பள்ளிக்கூடப் படலைக்குள்ளேயே விடப்படவில்லை. அந்தப் பாடசாலைகளுக்குப் போன பணத்தில் அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன் கொடுத்த வரியும் இருந்தது. 1930ஐ ஒட்டி அரசாங்கம் ஒரு கட்டளை போட்டது. நன்கொடை வேண்டுமென்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடு. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இதை ஆதரித்தது. ஆனால் ஊருக்குள் எதிர்ப்பு எழுந்தது. விண்ணப்பங்கள் போயின, பிள்ளைகள் மறிக்கப்பட்டார்கள், பாடசாலைக் கொட்டில்கள் எரிக்கப்பட்டன. தங்கள் பிள்ளை இன்னொரு பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பதைவிடப் பள்ளிக்கூடம் சாம்பலாவது நல்லது என்று நினைத்தவர்கள் நம்மவர்கள்.

பாடசாலையை ஊரிடமே விட்டுவிடுங்கள், ஊர் பார்த்துக்கொள்ளும் என்று சொல்பவர்கள் இந்த ஆண்டை மறக்கக் கூடாது. ‘ஊர்’ என்றால் யார்? மனேச்சரும் அவருடைய உறவும் சாதியும் சமயமும் என்றால், அந்த ஊருக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கு அரசாங்கம்தான் துணை. சம ஆசனத்தைச் சாத்தியமாக்கியது வெறும் நல்லெண்ணம் இல்லை. பணத்தோடு கட்டிய நிபந்தனை. அரச மேற்பார்வையின் நியாயத்துக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியர்களின் நிலையும் சொல்லத்தக்கது. அரசாங்கம் முழுச் சம்பளம் கொடுக்கும், ஆசிரியர் முழுத்தொகைக்குக் கையொப்பம் இடுவார், ஒரு பங்கு ‘நன்கொடை’யாக நிருவாகத்துக்குத் திரும்பப் போகும் என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் இருந்தது. வேலை கிடைக்க மனேச்சரின் சமயத்தைச் சேர்ந்திருக்க வேண்டும். சேராதவர் சேர்ந்த கதைகளும் உண்டு.

1945 அக்டோபரில் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோது இந்தக் குறைகளில் பாதி வெளிச்சத்துக்கு வந்தது. அவருடைய மத்திய பாடசாலைகள் கிராமத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் விஞ்ஞானமும் கொடுத்தன. தீவகத்தில் வேலணை அந்த வரிசையில் வந்தது. நன்கொடைப் பாடசாலைகளைக் கட்டணமில்லாத திட்டத்துக்குள் கொண்டுவருவது நீண்ட பேரமாக நடந்தது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலானவை உள்ளே வந்தன. அரசு சம்பளம் கொடுத்தது, நிருவாகம் பழைய கைகளில் இருந்தது. அப்போதே ஒருவர் கேட்டிருக்க வேண்டும்: சம்பளம் முழுவதும் அரசினது என்றால் நியமனம் யாருடையது? கேட்டார்கள். பதிலைத் தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்ட பதில் 1960இல் சட்டமாக வந்தது.

எடுத்த கதை

1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்கா ஆட்சிக்கு வந்தார். கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்முத். அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் நன்கொடைப் பாடசாலைகளின் நிருவாகத்தைக் கல்விப் பணிப்பாளரிடம் கொடுத்தது. டிசம்பர் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. 1961இன் 8ஆம் இலக்கச் சட்டம் காணியையும் கட்டடத்தையும் அரசுடைமையாக்க வழி செய்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகள் கைமாறின. கத்தோலிக்கப் பெற்றோர் பல இடங்களில் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாக இருந்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் 1961 ஜனவரியில் வந்து பேசியபின்தான் பதற்றம் தணிந்தது.

உயர் வகுப்புகள் கொண்ட பெரிய பாடசாலைகளுக்கு மட்டும் ஒரு வாசல் திறந்திருந்தது. தனியாராக நிற்கலாம். ஆனால் அரசு ஒரு சதமும் தராது, பிள்ளையிடம் கட்டணமும் வாங்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார், புனித யோவான் கல்லூரி, சுண்டிக்குளி மகளிர், யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் போன்றவை அந்தக் கடினமான வாசலால் போனவை. பணமுள்ள பழைய மாணவரும் பரந்த சபையும் இருந்ததால் தாக்குப்பிடித்தன. இவற்றில் ஒன்றுகூடத் தீவில் இல்லை. தீவுப் பாடசாலைக்கு அந்த வலு இருக்கவில்லை. ஊரவர் அரிசியும் காசும் சேர்த்துக் கட்டிய கட்டடத்தின் சாவி கைமாறியது.

காலத்தைக் கவனிக்க வேண்டும். சிங்களத்தை மட்டும் அரச கருமமொழியாக்கும் சட்டம் 1961 ஜனவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பிப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி முன்னால் சத்தியாக்கிரகம். அதே மாதங்களில்தான் பாடசாலைகள் எடுக்கப்பட்டன. பத்தாண்டு கழித்து, தமிழ் மாணவருக்குப் பல்கலைக்கழக வாசலை ஒடுக்கிய தரப்படுத்தல் வந்தபோதும் கல்வி அமைச்சர் அதே பதியுதீன் மஹ்முத்தான். கொள்கையளவில் பாடசாலைச் சுவீகரிப்பு சமத்துவத்துக்கான நடவடிக்கை. கொழும்பிலும் காலியிலும் அப்படியே அது புரிந்துகொள்ளப்பட்டது. நமக்கு அது நம் மொழியைத் தள்ளிவைத்த அரசின் கைக்கு நம் பள்ளிக்கூடத்தைக் கொடுப்பதாக இருந்தது. இந்த இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர் வரலாற்றில் பாதியைத்தான் சொல்கிறார்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் கேரளத்தில் இதே காலத்தில் வேறு முடிவு வந்தது. 1957இல் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடின் அரசு கல்வி மசோதாவைக் கொண்டுவந்தது. உதவி பெறும் பள்ளிகளின் ஆசிரியருக்குச் சம்பளத்தை அரசே நேரே கொடுக்கும், நியமனத்திலும் கட்டுப்பாடு வரும் என்றது. கத்தோலிக்கத் திருச்சபையும் நாயர் சங்கமும் சேர்ந்து விமோசன சமரம் என்ற போராட்டத்தை நடத்த, 1959 ஜூலை 31இல் அந்த ஆட்சியே கலைக்கப்பட்டது. பின்னர் நிலைத்தது ஓர் இடைவழி: சம்பளம் அரசிடமிருந்து ஆசிரியருக்கு நேரே போகும், நியமிப்பவர் மனேச்சர். அந்த இடைவழியில் நியமனத்துக்குக் காசு வாங்கும் நோய் இன்றுவரை தீரவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் ஊர்ச் சமூகத்தின் உடைமையாகவே நிற்கிறது. இலங்கை சாவியையும் எடுத்தது, சம்பளத்தையும் எடுத்தது. பிறகு ஊர்ச் சமூகத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போனது.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு பிரிவு உண்டு. ஐந்து முதல் பதினான்கு வயதுவரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்க அது தடை விதிக்கிறது. இன்றும் அந்தத் தடை நீங்கவில்லை. இதைச் சுற்றிக்கொண்டு வந்தவைதான் ‘சர்வதேசப் பாடசாலைகள்’. அவை கம்பனிச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகின்றன, கட்டணம் வாங்குகின்றன, கல்வி அமைச்சின் மேற்பார்வைக்கு வெளியே பெரும்பாலும் இயங்குகின்றன. விளைவு என்னவென்று பாருங்கள். நயினாதீவிலோ நெடுந்தீவிலோ ஊரவர் சங்கம் கூடி, ஒரு சதம் வாங்காமல், தேசியப் பாடத்திட்டத்தில் ஒரு பாடசாலை நடத்த விரும்பினால் சட்டம் தடுக்கும். நகரத்தில் ஒரு கம்பனி இலாபத்துக்குப் பாடசாலை நடத்தினால் சட்டம் வழிவிடும். சமத்துவத்துக்காக எழுதிய பிரிவு ஏழையின் கையை மட்டும் கட்டியிருக்கிறது. இதைத் திருத்த எந்த அரசும் முன்வராதது வெட்கக்கேடு.

தனியாராக நின்ற கல்லூரிகளுக்கு 1977இல் ஆட்சி மாறியபின் மீண்டும் ஆசிரியர் சம்பளம் கிடைக்கத் தொடங்கியது. அவை இன்று அரச உதவி பெறும் தனியார் பாடசாலைகள். பாடத்திட்டமும் பரீட்சையும் நாட்டினது, அதிபரைத் தெரிவு செய்வது ஆளுநர் சபையோ மறைமாவட்டமோ. ஆகவே ‘அரசுப் பணம், சமூக நிருவாகம்’ என்பது இந்த நாட்டில் சாத்தியமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நகரத்துப் பெரிய கல்லூரிக்குச் சாத்தியமாக இருக்கிறது. தீவுக்கு மறுக்கப்பட்டிருக்கிறது.

அமெரிக்கா தரும் எச்சரிக்கை

சார்ட்டர் பாடசாலைச் சட்டத்தை முதலில் இயற்றியது மினசோட்டா மாநிலம், 1991இல். அடுத்த ஆண்டு முதற்பாடசாலை திறந்தது. இன்று நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்த முறை உண்டு. பாடசாலை நடத்த முன்வரும் சபையுடன் அரசு அமைப்பு ஒன்று சில ஆண்டுகளுக்கு ஓர் உடன்படிக்கை செய்கிறது. பிள்ளைக்கு இவ்வளவு என்று பணம் போகும். கட்டணம் வாங்கக் கூடாது. சொன்னதைச் செய்யாவிட்டால் உடன்படிக்கை புதுப்பிக்கப்படாது. நடத்துவதில் சுதந்திரம், முடிவில் பொறுப்பு.

நன்றாக நடந்த இடங்கள் உண்டு. மேற்பார்வை தூங்கிய இடங்களில் என்ன நடந்தது என்பதுதான் நமக்குப் பாடம். ஓகாயோ மாநிலத்தில் எக்கொட் என்ற இணையவழிச் சார்ட்டர் பாடசாலை பிள்ளைகளின் எண்ணிக்கையைக் காட்டிப் பணம் பெற்றது. அந்தப் பிள்ளைகள் உண்மையில் படித்தார்கள் என்பதற்குப் பதிவு காட்ட முடியவில்லை. ஏறத்தாழ 80 மில்லியன் டொலரைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது மாநிலம். 2018 ஜனவரியில், கல்வியாண்டின் நடுவில், பாடசாலை மூடியது. சுமார் பன்னிரண்டாயிரம் பிள்ளைகள் வேறு இடம் தேடினார்கள். தலையை எண்ணிப் பணம் கொடுத்தால் சிலர் தலையை மட்டும் காட்டுவார்கள். நம் பழைய பரிசோதகர்மார் இதை அறிந்தவர்கள். அவர்கள் வரும் நாளில் பக்கத்து ஊர்ப் பிள்ளையும் வாங்கில் இருந்த கதை எத்தனை வீடுகளில் சிரித்துச் சொல்லப்பட்டிருக்கிறது.

ஒக்லகோமாவில் வந்த வழக்கு கரம்பொனுக்கு இன்னும் நெருக்கமானது. புனித இசிடோர் என்ற பெயரில் கத்தோலிக்கத் திருச்சபை ஒரு சார்ட்டர் பாடசாலை நடத்த 2023இல் அனுமதி பெற்றது. அரசுப் பணத்தில் மறைக்கல்வி கூடாது என்று 2024இல் மாநில உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2025 மே 22இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நான்குக்கு நான்கு என்று பிளவுபட்டதால் அந்தத் தடை நிலைத்தது. எட்டு நீதிபதிகளால் தீர்க்க முடியாத இந்த வழக்கை நம் நன்கொடைக் காலத்து மனச்சாட்சி விதி ஒரு வகையில் தீர்த்து வைத்திருந்தது. சமயம் சார்ந்த நிருவாகம் இருக்கலாம், சமயம் பிள்ளையின் மேல் திணிக்கப்படக் கூடாது. அந்த விதி ஒழுங்காக மேற்பார்வை செய்யப்படவில்லை என்பது வேறு விடயம். விதி பிழையானதல்ல.

நியூ ஓர்லியன்சையும் சொல்ல வேண்டும். 2005இல் கத்ரீனா சூறாவளி நகரத்தை அழித்தபின் மாநில அரசு அங்கிருந்த பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை எடுத்துச் சார்ட்டர் சபைகளிடம் கொடுத்தது. பரீட்சைப் பெறுபேறு உயர்ந்தது என்றார்கள். பெற்றோரோ, எங்கள் வாக்கால் தெரிவான கல்விச் சபை எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2018இல் மேற்பார்வை மீண்டும் உள்ளூர்ச் சபையிடம் வந்தது. அழிவுக்குப் பிறகும் ஊரிடம் திருப்பிக் கொடுக்க முடியும் என்பதற்கு அது ஓர் உதாரணம்.

தீவின் கணக்கு வேறு

சார்ட்டர் முறையை அப்படியே கொண்டுவந்து தீவகத்தில் நடலாம் என்று நான் சொல்லவில்லை. அந்த முறையின் அடித்தளம் போட்டி. ஒரு பாடசாலை பிடிக்காவிட்டால் பிள்ளையை இன்னொன்றில் சேர்க்கலாம் என்ற துணிவில் அது நிற்கிறது. கரம்பொனில் அது ஓரளவு முடியும், வீதி இருக்கிறது, பஸ் இருக்கிறது, ஊர்காவற்றுறை பக்கத்தில். நெடுந்தீவில் முடியாது. 2012 குடிசன மதிப்பீட்டின்போது அங்கே இருந்தவர்கள் நாலாயிரத்துக்கும் குறைவு. குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கச்சான் காற்றில் படகு நின்றால் எல்லாம் நின்றது. அங்கே ஒரு பாடசாலையை ‘சரியில்லை’ என்று மூடினால் பிள்ளைக்குப் போக்கிடம் கடல்.

பணத்தின் கணக்கும் அப்படித்தான். மாகாணப் பாடசாலைக்கு வரும் தர உள்ளீட்டு நிதி மாணவர் தொகையைப் பெரிதும் தழுவியது. நாற்பது பிள்ளைகள் உள்ள பாடசாலைக்குச் சின்னத் தொகைதான் வரும். ஆனால் தரம் 1 முதல் 11வரை பதினொரு வகுப்புகள் அங்கே இருக்கின்றன. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒன்பது பாடங்கள். பிள்ளை நாற்பதானாலும் நானூறானாலும் கணித ஆசிரியர் ஒருவர் வேண்டும், விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் வேண்டும், ஆங்கிலத்துக்கு ஒருவர் வேண்டும். தலைக்கணக்கு இதை அறியாது. தீவுக்கு வேண்டியது அடிப்படைத் தொகை. பிள்ளைத்தொகை எவ்வளவானாலும் குறையாத தொகை. பிறகுதான் தலைக்கு இவ்வளவு என்பது.

ஆசிரியர் விடயம் எல்லாவற்றையும்விடக் கடினம். கஷ்டப் பிரதேச சேவை என்று இடமாற்றத்தில் தீவுக்கு வருபவர், வந்த நாளிலிருந்தே திரும்பும் நாளை எண்ணுவதில் அவரைக் குறைசொல்ல முடியாது. காலையில் நகரத்திலிருந்து புறப்பட்டு, பஸ்ஸும் படகும் ஏறி, மத்தியானம் திரும்ப அதே பயணம். பழைய நன்கொடைப் பாடசாலையில் ஆசிரியர் ஊரில் இருந்தார், பிள்ளையின் வீட்டை அறிந்திருந்தார். அந்த ஒன்றை நாம் 1960இல் இழந்தோம், அதற்கு மாற்று எதுவும் வரவில்லை. தீவிலேயே பிறந்து கல்வியியற் கல்லூரி முடித்த ஒருவரைத் தன் ஊருக்கே நியமிக்கும் அதிகாரம் இன்று ஊருக்கு இல்லை, அதிபருக்கும் இல்லை.

1987இன் பதின்மூன்றாம் திருத்தம் கல்வியை மாகாணத்துக்குப் பகிர்ந்தது. தேசியப் பாடசாலைகள் கொழும்பிடம், மற்றவை மாகாணத்திடம். தீவகப் பாடசாலைகளுக்கு அருகில் இருக்கிற அரசு அதுவாக இருந்திருக்க வேண்டும். 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. மக்கள் தெரிந்தெடுத்த எவரும் இல்லாமல், ஆளுநரும் அதிகாரிகளும் நம் பாடசாலைகளை நடத்துகிறார்கள். மேற்பார்வை செய்பவரை மேற்பார்வை செய்ய ஆளில்லை.

இந்த வெற்றிடத்தைப் புலம்பெயர்ந்தவர் நிரப்புகிறார்கள். 1990 ஆகஸ்டில் இராணுவ நடவடிக்கையோடு தீவகம் வெறிச்சோடியது. போனவர்களில் பலர் திரும்பவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தை மறக்கவும் இல்லை. கூரை, மலசலகூடம், திறன் வகுப்பறை, துவிச்சக்கர வண்டி, தொண்டர் ஆசிரியரின் மாதக் கொடுப்பனவு என்று அவர்கள் அனுப்பும் பணம் பல பாடசாலைகளின் மூச்சாக இருக்கிறது. அந்தப் பாசத்தின் முன் தலைவணங்குகிறேன். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும். இந்தப் பணம் எந்த அரசாங்கக் கணக்கிலும் முழுமையாகத் தெரிவதில்லை. ஒரு பாடசாலைக்கு மண்டபம் மேல் மண்டபம், பக்கத்துப் பாடசாலைக்கு உடைந்த வாங்கு. பழைய மாணவர் பலம் எங்கே இருக்கிறதோ அங்கே பணம். 1930இல் மனேச்சரின் கையில் இருந்த தெரிவு இன்று இன்னொரு உருவத்தில் வந்திருக்கிறது. வெளிநாட்டுச் சங்கத்தில் இடமில்லாத குடும்பத்தின் பிள்ளை எந்தப் பாடசாலையில் படிக்கிறதோ, அந்தப் பாடசாலையின் பெயர் எந்த நிதி சேகரிப்பு விழாவிலும் ஒலிப்பதில்லை.

என் நிலைப்பாடு இதுதான். தீவகத்தின் சின்னப் பாடசாலைகளை மூடுவதற்கு முன்னால் ஊரோடு ஓர் உடன்படிக்கை செய்து பார்க்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு. சம்பளமும் அடிப்படைத் தொகையும் அரசு கொடுக்கட்டும். பெற்றோர், அதிபர், பழைய மாணவர், கோட்டக் கல்வி அலுவலகத்தின் ஒருவர் சேர்ந்த சபை நடத்தட்டும். அதில் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்கட்டும், ஊரின் எல்லாச் சாதிக்கும் சமயத்துக்கும் இடம் சட்டத்தாலே உறுதியாகட்டும். உள்ளூர் ஆசிரியரைத் தெரிவு செய்யும் உரிமை அந்தச் சபைக்கு வேண்டும். எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பும் உரிமை அதற்கு இருக்கக் கூடாது. வெளிநாட்டுப் பணம் அரசுப் பணத்தோடு ஒரே ஏட்டில் ஏறி, கணக்காய்வுக்கு உட்பட்டு, தவணைதோறும் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். இதற்கு 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தத் தடைப் பிரிவில், கட்டணம் வாங்காத சமூகப் பாடசாலைகளுக்கு விலக்கு அளித்தால் போதும். பெரிய புரட்சி தேவையில்லை, ஒரு திருத்தம்.

ஊர் திரும்பவும் பழைய ஊராகவே நடக்காதா, சாதி பார்க்காதா என்று கேட்பவர்களின் பயத்தை நான் மதிக்கிறேன். அதனால்தான் மேற்பார்வை வேண்டாம் என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை. சம ஆசனத்தை மறுத்தால் அன்றைக்கே பணம் நிற்கும் என்ற 1930இன் நிபந்தனை உடன்படிக்கையின் முதல் வரியாக இருக்கட்டும்.

சட்டம் மாறும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தப் பெற்றோருக்கும் கேள்வி கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. உங்கள் பாடசாலைக்கு இந்த ஆண்டு தர உள்ளீட்டு நிதி எவ்வளவு, அது எதற்குச் செலவானது, எத்தனை ஆசிரியர் வெற்றிடம், எந்தப் பாடத்துக்கு, பாடசாலையை இணைக்கவோ மூடவோ ஏதும் பிரேரணை உண்டா என்று தீவக வலயக் கல்வி அலுவலகத்துக்குத் தமிழில் எழுதிக் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்கு அறிவித்தாக வேண்டும்.